பந்தக்காலில் கட்டிய மஞ்சள் முடிச்சு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாகத் தள்ளிப்போட்டேன். எட்டாவதோடு நின்ற படிப்பு ஒரு காரணம். ஆர்கிடெக்ட் மேடம் ஒருவரின் பரிசு என் கையால் போனது என்பது பெரிய காரணம். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில், மாரியம்மன் படத்துக்குக் கீழே, வெளிறிப்போன மஞ்சள் துணி முடிச்சு ஒன்று இருக்கிறது. உள்ளே நவதானியம். விளக்கேற்றும்போதெல்லாம் அது கண்ணில் படுகிறது. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் பந்தலும் சாரமும் கட்டுகிறவன். நகரத்து மியூசியம் ஒன்று, புதிதாகத் தொழிலுக்கு வந்த ஆர்கிடெக்டுகளுக்குப் போட்டி வைத்தது. தோட்டத்தில் ஜனங்கள் வந்து உட்கார மூன்று மாதத்துக்கு ஓர் இடம் கட்டவேண்டும்; கட்டி முடித்ததும் நடுவர்கள் பார்த்துப் பரிசு தருவார்கள். தேர்வானவர்களில் அந்த மேடமும் ஒருவர்; கட்டித்தர என்னைக் கூப்பிட்டார். அப்பா பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் தையல்காரர். மேடத்துக்குச் சொந்த ஆபீஸ் கிடையாது, தெரிந்த பெரிய மனிதர் என்று யாரும் கிடையாது. இந்தப் பரிசு வந்தால்தான் நம்பி வேலை கொடுப்பார்கள் என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார். அவர் வரைந்தது சவுக்குக் கம்பங்களும், மேலே பழைய புடவைகளைத் தைத்துப் போட்ட நிழலும்.

முதல் கம்பம் நட்ட காலையில் மேடம் வரவில்லை. பந்தக்காலுக்குச் செய்வதை நான் செய்தேன். ஈசானிய மூலைக் கம்பத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, உச்சியில் மாவிலையும் நவதானிய முடிச்சும் கட்டி நட்டேன். வரைபடத்தில் இல்லாத எதையும் சேர்க்கக்கூடாது என்று விதி இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், சாமி கும்பிடாமல் நட்ட கம்பத்தில் ஏற எனக்குக் கால் வந்திருக்காது. மத்தியானம் மேடம் வந்து அண்ணாந்து பார்த்தார். பிறகு அடுத்த கம்பத்துக்குக் குழி அளக்கப் போனார்.

நடுவர்கள் வரும் நாளில் மியூசியம் ஆபீசர் அதைப் பார்த்துவிட்டார். “மேடம், இது டிராயிங்ல இல்லையே! தெகீரி, தெகீரி, எடுத்துடுங்க. இருந்தா உங்களப் போட்டியில சேர்க்க மாட்டாங்க.” விசேஷம் முடியாமல் பந்தக்கால் முடிச்சை அவிழ்க்கக்கூடாது. ஆனால் ஒரு பெண்ணின் பிழைப்பாயிற்றே. “மாரியம்மா என்னை மன்னிச்சுக்குவா மேடம், நானே கழட்டிடறேன்” என்று ஏணியைத் தேடினேன்.

“இருங்கண்ணா” என்றவர் ஆபீசரிடம் திரும்பினார். “சார், எல்லாரும் வந்து உட்காரத்தான் இந்த இடம்னு எழுதிக் குடுத்திருக்கேன். கட்டினவரோட முடிச்சுக்கே எடமில்லன்னா நான் எழுதினது பொய். கழட்ட மாட்டேன்.”

“அப்ப பரிசு?”

“வேணாம் சார். நெழல் இருக்கும்ல.”

ஆபீசர் தாமே ஏணியை எடுக்கப் போனார். எங்களோடு வெல்டிங் வேலைக்கு வந்திருந்த பாய் அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். “அரே சார், அது என் சாமி இல்ல. ஆனா ஏணி என்னுது. தரமாட்டேன்.” பிறகு என்னைப் பார்த்து, “யோவ், இன்னிக்கு உன் சாமிக்கு நான்தான் வக்கீலு!” என்றார்.

நடுவர்கள் எங்கள் இடத்துக்குள் வராமலே சுற்றிக்கொண்டு போனார்கள். மேடத்தின் பெயரை வாசிக்கவே இல்லை. ஸ்கூட்டரில் ஏறி ஹெல்மெட் போட்ட பிறகுதான் அவர் அழுதார். முகம் தெரியவில்லை, தோள் காட்டிக்கொடுத்தது. பரிசு வாங்கிய இடத்தில் ‘உட்காரக்கூடாது’ என்று பலகை வைத்தார்கள். எங்கள் நிழலில் வாசல் பூக்காரம்மா மூன்று மாதமும் மத்தியானச் சோறு சாப்பிட்டார்.

பிரிக்கிற அன்று பால் தெளித்து முடிச்சை அவிழ்த்து மேடத்திடம் நீட்டினேன். “உங்க வீட்டுச் சாமிகிட்டயே இருக்கட்டும்ணா. என் ஆபீஸ் தொறக்கறப்ப கொண்டாங்க” என்றார்.

மியூசியம் சுவரில் இப்போது எங்கள் இடத்தின் போட்டோ மாட்டியிருக்கிறது. அதில் கம்பத்தின் உச்சியை வெட்டிவிட்டார்கள். வெட்டட்டும். முடிச்சு என் வீட்டில் இருக்கிறது. மேடம் இன்னும் ஆபீஸ் திறக்கவில்லை. திறப்பார், அம்மா இருக்கிறாள். படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். ஜெயித்தார் என்று சேர்க்கவேண்டாம். பாவம் என்றும் சேர்க்கவேண்டாம். கழட்ட மாட்டேன் என்றார்; கழட்டவில்லை.