துரை தேடும் பாய்மரப் படகு

இன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து மேனேஜர் துரை, ஆபீஸ் கம்ப்யூட்டரில் பாய்மரப் படகு தேடினார். ஓய்வு பெற்றதும் மாதக்கணக்கில் நடுக்கடலில் பயணம் போவாராம். கிளார்க்கான நான்தான் படங்களைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

"எவ்வளவு மழை, அலை அடிச்சாலும் உள்ள ஒரு சொட்டு ஒழுகக்கூடாது. மனுசன் படுக்கிற எடம்" என்றார்.

தொழிலாளர் லயத்து வீட்டுக் கூரைக்குத் தகரம் கேட்டு மூன்றாவது முறையாக வந்திருந்த செல்லாயி அக்கா வாசலில் நின்றிருந்தார்.

"நல்லதா பாத்து வாங்குங்க தொரை. நீங்க கடலுக்குப் போற வரைக்கும் நாங்க அதுல படுத்துக்கிறோம். லயத்துல கொட புடிச்சுக்கிட்டுத்தாங்க தூங்குறோம்."

"பார்ப்போம்" என்றார் துரை.

அக்கா போனதும், "அடிப்பாகம் ஒண்ணா இருக்கிற படகா, ரெண்டா இருக்கிறதா, எது நல்லம்?" என்று என்னைக் கேட்டார்.

நான் றக்வான மலைக்காரன். படகு தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவரிடம் சொல்கிறேன். தகரம் வாங்கத் தெரிந்த துரை யாராவது இருந்தால், அவரைப் பற்றி முதலில் சொல்லுங்கள்.