கம்ப்யூட்டரில் ஏறிய வெள்ளம்

கும்பகோணத்துப் பாகீரதிக்கு மலையாளம் வராது என்று யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. தமிழை மூக்கில் ஏற்றி, வால்பக்கம் கொஞ்சம் இழுத்தால் மலையாளம் என்பது அவள் கட்சி. வங்கிக்காரர்கள் மாற்றல் கொடுத்துத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பியதிலிருந்து அந்த மூக்கை வைத்தே குடித்தனம் நடத்தினாள். ஆரியசாலைக் கடைத்தெருவில் அவள் பேரம் பேசியதைக் கேட்டு ஒரு மிளகாய் மூட்டை தானாகவே விலை இறங்கியதாகக் கேள்வி.

பக்கத்து வீட்டுச் சத்தியநேசன் வைத்திருந்த பழைய காரை வாங்கியதும் அவள்தான். "பழைய வண்டியில மாட்டிக்காதே" என்ற கணவர் நீலகண்டனை, "சத்தியநேசன் அண்ணா கையால வாங்கறது பிரசாதம் மாதிரின்னா" என்று அடக்கிவிட்டாள். அந்தப் பிரசாதம்தான் கழக்கூட்டம் போகும் வழியில் மூச்சை நிறுத்தி, கயிறு கட்டி ஒர்க்‌ஷாப்புக்கு இழுக்கப்பட்டது.

மறுநாள் மெக்கானிக் விஜின் போனில் கூப்பிட்டான்.

"சேச்சி, எஞ்சின் கம்ப்யூட்டர் பாகத்துல வெள்ளம் கேறியிட்டுண்டு. ஒண்ணு வந்து காணணும்."

பாகீரதியின் கண்முன் காவிரி கரைபுரண்டது. அதில் கார் மிதந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சத்தியநேசன் சிரித்துக்கொண்டே போனார். வெள்ளத்தில் முங்கின வண்டியைத் துடைத்து அவள் தலையில் கட்டிவிட்டார்! எஞ்சினை ஆட்டிவைக்கும் அந்தப் பெட்டியைப் புதிதாக மாற்றினால் காரின் விலையில் பாதியை விழுங்கும் என்று ஆபீஸில் பயமுறுத்தியிருந்தார்கள். முங்கின வண்டியென்றால் மாற்றியும் பயனில்லை. இன்று பெட்டி, நாளை வயர், அப்புறம் காயலான் கடை. நீலகண்டனிடம் எந்த முகத்தோடு சொல்வது?

சத்தியநேசனைக் கையோடு ஆட்டோவில் ஏற்றினாள்.

"அண்ணா, மறைக்காம சொல்லுங்கோ. கார் வெள்ளத்துல நின்னுதா?"

"நிக்காம? ஞாயிறு தோறும் நிக்குமே மக்களே!"

"ஒவ்வொரு ஞாயிறுமா? உங்காத்து ஓமனா மன்னிக்கும் தெரியுமா?"

"ஓமனாதானே முன்னால நிப்பா! எனக்குத்தான் சோம்பல். மழ பெஞ்சா அதுவே போதும்னு விட்டுருவேன்."

குடும்பமே கூட்டு. பாகீரதி அவரை விட்டு ஆட்டோவின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டாள்.

ஒர்க்‌ஷாப்பில் அவள் வெளுத்த முகத்தைப் பார்த்து விஜின் பதறினான்.

"சேச்சிக்கு வெள்ளம் வேணோ?"

"வந்த வெள்ளம் போறாதா எனக்கு?"

அவன் பாட்டிலை நீட்டினான். பாகீரதி அதை உற்றுப் பார்த்தாள்.

"இது... தண்ணின்னா?"

"ஐயோ, இங்க தண்ணியடி ஒண்ணும் இல்ல சேச்சி! இது பச்சை வெள்ளமாக்கும். குடிக்கிற வெள்ளம்!"

மூக்கும் வாலும் ஒரே நேரத்தில் அறுந்தன. இந்த ஊரில் தண்ணீருக்குத்தான் வெள்ளம் என்று பெயர். ஞாயிறு தோறும் சத்தியநேசன் வீட்டில் நடந்தது கார் கழுவும் வைபவம்.

"அப்போ கம்ப்யூட்டர்ல ஏறினதும் இதுதானா?"

"அதே. முன்கண்ணாடிக்குக் கீழ இலை அடைச்சு, மழை வெள்ளம் ஒழுகி, கனெக்டர்ல பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கு. பெட்டிய திறந்து நோக்கினேன், உள்ள ஒரு துளி இல்ல. தொடச்சு மாட்டினேன், ஸ்டார்ட் ஆயி."

"புதுப் பெட்டி?"

"எதுக்கு சேச்சி? கூலியும் ஒரு ரப்பர் சீலுக்கு உள்ளதும் தந்தா மதி, அது போதும்."

பாகீரதி பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்தாள். அடுத்ததையும். அன்று ஒர்க்‌ஷாப் குழாயே வற்றிப்போனதாக விஜின் இன்றைக்கும் சத்தியம் செய்வான்.

கார் பூனைபோல் உறுமியது. சத்தியநேசன் பானெட்டைத் தடவினார்.

"அது சரி மக்களே, என்னை எதுக்கு விளிச்சுட்டு வந்தே?"

பாகீரதி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "உங்களைப் பாக்கணும்னு வண்டி அடம் பிடிச்சுது அண்ணா. அதான் ஸ்டார்ட்டே ஆகலை."

"எனக்கு அப்பமே தோணிச்சு" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாகீரதி அவரை முன்சீட்டில் உட்காரவைத்து, வீட்டுக்குப் போகாமல் சங்குமுகம் கடற்கரை வரை ஒரு சுற்று சுற்றினாள்.