ஏரி எழுந்து நடந்த அத்தியாயம்

என் அக்கா ஒரு மாயாஜால நாவல் எழுதி, காஞ்சிபுரத்து அச்சகம் ஒன்றில் கொடுத்து, தானே புத்தகமாகப் போட்டாள். தண்டலத்துப் பக்கம் எங்கள் ஊரில் அதற்கு முன் யாரும் நாவல் எழுதியதில்லை.

முதலில் முழுதாகப் படித்தவள் நான். குறை சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அரண்மனை வருணனை ஒரே இழுவை. அந்த ராஜாவே தண்டம். ஆனால் நடுவில் ஓர் அத்தியாயம். பட்டணத்துக்குத் தண்ணீர் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போன செம்பரம்பாக்கம் ஏரி, மீன்களையும் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விடுகிறது. சமாதானம் பண்ணி அழைத்துவர ஒரு பெண் பின்னாலேயே போகிறாள். அதைப் படிக்கையில் அடுப்பை மறந்தேன், சோறு குழைந்துவிட்டது. என் கூடப் பிறந்தவளா இதை எழுதினாள் என்று பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அட்டைப்படம்தான் கெடுத்தது. நீல முக்காடு போட்ட பெண் ஒருத்தி தண்ணீர் மேல் நிற்பாள். எங்கள் ஊர் வேதக்காரர் வீடுகளில் அதுவரை இருந்ததெல்லாம் ஜெபப் புத்தகங்கள். அக்கா வீடு வீடாகக் கொடுத்தாள். வாங்கியவர்கள் மாதா படம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு, பீடத்தில் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூப் போட்டார்கள். ஒருவரும் திறக்கவில்லை.

"படிச்சிருந்தா, அந்தப் பொண்ணு இன்னா ஆனான்னு ஒருத்தராவது கேட்டிருப்பாங்கல்ல?" என்றாள் அக்கா. "இனிமே நான் எழுதறதா இல்ல."

அவள் சொன்னால் சொன்னதுதான்.

அந்த வருடம் மழை இல்லை. மாதா கோயிலில் மழைக்காக ஜெபம் வைத்தார்கள். மாதா தண்ணீர் மேல் நிற்கிற புத்தகம்தான் இதற்குப் பொருத்தம் என்று, ஜெபம் நடத்தும் உபதேசியார் அதையே கையோடு கொண்டுவந்தார். நடுவில் பிரித்து, ஜெப ராகத்திலேயே வாசித்தார்: "அப்பொழுது ஏரி எழுந்தது. கரையைக் கொசுவம்போல் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தது."

ஆமென் சொல்ல வாயைத் திறந்தவர்கள் திறந்தபடியே இருந்தார்கள். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். உபதேசியாருக்கு விஷயம் புரிந்து, புத்தகத்தை மூடப்போனார்.

"இன்னாத்துக்கு நிறுத்திட்டீங்க? ஏரி எங்க போயிகினு கீதுன்னு படிங்க," என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

அத்தியாயம் முடிந்த பிறகுதான் அன்றைக்கு ஜெபமே நடந்தது.

மறுநாள் பீடங்களிலிருந்து புத்தகங்கள் கீழே இறங்கின. படிக்கத் தெரிந்தவர்கள் இருந்த வீடுகளில் கூட்டம் சேர்ந்தது. மழை மட்டும் வரவில்லை.

சில நாள் கழித்து, மோர் விற்கும் பெரியம்மா எங்கள் வாசலில் பானையை இறக்கிவைத்துவிட்டு அக்காவிடம் சண்டைக்கு நின்றாள்.

"ஏரி வூட்டுக்கு வந்துடுச்சு. அத்த இட்டாந்த பொண்ண மட்டும் காட்டுல வுட்டுட்டியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு கீதா?"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ, நானே எழுதியதுபோல் நெஞ்சு நிமிர்ந்தது.

"வந்துடுவா பெரிம்மா," என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்ப் பேனாவுக்கு மை ஊற்றினாள்.

"இந்தத் தடவை ராஜா வேணாம்," என்றேன் நான், வாசலிலிருந்தே.