மஞ்சள் கோடு போட்ட திருகு

2023 அக்டோபர் 15, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு விழிப்பு வந்தது. விடுமுறை நாள் என்பது உடம்புக்குத் தெரிவதில்லை. பால் காய்ச்சிக் காபி குடித்தேன். வாரத்துச் சீருடைகளை ஊறவைத்தேன். தண்ணீர் கேன் போடுபவர் வந்து போனார். வீட்டைப் பெருக்கினேன், வழக்கமாகத் திறக்காத உள்ளறையையும் சேர்த்து.

ஒரகடத்தில் ஒரு வண்டித் தொழிற்சாலையின் தரப் பிரிவில் எனக்கு வேலை. வல்லக்கோட்டைக்குப் போகும் சாலையில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறேன். மனைவி மதுரையில் பள்ளி ஆசிரியை. மகள் அங்கேயே கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மாதம் ஒருமுறை நான்தான் போவேன். அவர்கள் இங்கே வருவது அபூர்வம். மகள் கடைசியாக வந்தது பள்ளியில் படித்தபோது. "உங்க ஊர்ல லாரியத் தவிர பாக்க என்னப்பா இருக்கு?" என்று கேட்டுவிட்டு இரண்டாம் நாளே ஊர் திரும்பிவிட்டாள்.

இந்த முறை சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு, வரும் வெள்ளிக்கிழமை, அவளாகவே வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். காரணம் நானல்ல, என் கணினி. அவள் வரைந்த கட்டடத்தில் காலையில் வெயில் எப்படி விழும், மாலையில் நிழல் எங்கே நீளும் என்பதையெல்லாம் புகைப்படம்போல உருவாக்கிக் கல்லூரியில் காட்ட வேண்டும். அவளுடைய லேப்டாப் ஒரு படத்துக்கே இரவு முழுக்கத் திணறுகிறது. நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அரை மணி நேர வேலை என்றாள். என் மேசைக் கணினியில் ஒன்றைப் போட்டுவைத்தால் விடுமுறை முழுக்க இங்கே தங்கி முடிப்பதாகச் சொன்னாள். கணினியையே மதுரைக்கு அனுப்பிவிட்டால் என்ன என்று மனைவி கேட்டாள். காதில் விழாததுபோல இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை சென்னைக்குப் போய் கார்டை வாங்கி வந்தேன். பழுதென்றால் மாற்றித்தர இரண்டு வாரம் ஆகும் என்று கடையில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் விடுமுறை முடிந்துவிடும்.

துணி உலர்த்திய பிறகு வேலையைத் தொடங்கினேன். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, கார்டை அதன் பள்ளத்தில் அழுத்தினேன். பின்பக்கத் தகட்டில் இரண்டு திருகுகள். முதலாவதை இறுகும்வரை முறுக்கினேன், பிறகு இரண்டாவதை. சட்டைப்பையிலிருந்த பெயிண்ட் பேனாவால் இரண்டின் தலையிலிருந்தும் தகடுவரை ஒரு மஞ்சள் கோடு இழுத்தேன். எங்கள் ஆலையில் அப்படித்தான். போல்ட்டை உரிய அளவுக்கு முறுக்கியதும் கோடு போடுவோம். கோடு விழுந்துவிட்டால் அது முடிந்த வேலை. அதன்பின் யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள், சந்தேகப்படவும் மாட்டார்கள்.

சுவிட்சைப் போட்டேன். கார்டின் விசிறிகள் சுழன்றன. திரையில் மட்டும் 'சிக்னல் இல்லை' என்று வந்தது.

கேபிளை மாற்றினேன். மின்இணைப்பை உருவி மீண்டும் செருகினேன். திரையின் கேபிளைக் கணினியின் பழைய துளையில் மாட்டியபோது படம் வந்தது. ஆனால் கணினி காட்டிய பாகங்களில் இந்தக் கார்டு இல்லவே இல்லை. விசிறி சுழல்கிறது, ஆனால் கார்டு இருப்பதே கணினிக்குத் தெரியவில்லை. நினைவகப் பட்டைகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். இணையத்தில் ஒருவர் சொன்னபடி அமைப்புகளை மாற்றினேன், இன்னொருவர் சொன்னபடி பழையபடியே ஆக்கினேன்.

கீழ்வீட்டு அம்மா மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு மாடியேறி வந்தார். வீட்டுச் சொந்தக்காரர். மகள் வருவதை அவரிடம் நான்தான் சொல்லியிருந்தேன்.

"இன்னா சார், புதுசா வாங்கினு வந்ததக் கழட்டிப் போட்டுகினு கீறீங்க? லீவு நாள்லயும் உங்க பிளான்ட்டு ஓடுதா?"

"படம் வரலைங்க."

"எங்க வூட்டு டிவி கூட அப்டித்தான். ரெண்டு தட்டு தட்டுனா வந்துரும். தட்டிப் பாத்தீங்களா?"

"இது தட்டக்கூடாதுங்க."

"பொண்ணு வந்தா அது பாத்துக்கும், வுடுங்க" என்று மெத்தையை உள்ளறையில் விரித்துவிட்டுப் போனார். பெண் வர வேண்டுமானால் முதலில் இது ஓட வேண்டும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மதியம் மகளை வீடியோவில் அழைத்தேன். கைபேசியைப் பெட்டிக்குள் காட்டினேன்.

"லைட்டப் போடுங்கப்பா, ஒண்ணும் தெரியல. ம், கார்டு சாஞ்ச மாதிரி இருக்கே?"

"அதெல்லாம் இருக்காதும்மா. முறுக்கி மார்க் பண்ணிட்டேன்."

"மார்க் பண்ணா நேராயிருமா? நீங்க எம்மேலயும் ஒரு கோடு போட்டுட்டா நானும் பாஸாயிருவேன்."

பின்னால் அவள் அம்மா சிரிப்பது கேட்டது. நானும் சிரித்தேன். அழைப்பை வைத்தபின் பெட்டியை ஜன்னலோரம் சாய்த்து வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. திருகுப் பக்கத்து முனை உள்ளே இருந்தது, மறுமுனையில் தங்கநிற விளிம்பு மெல்லிய கோடாக வெளியே தெரிந்தது. இரண்டு திருகையும் முதலில் கையால் பிடிக்கவிட்டு, பாகம் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து, அதன்பிறகே முறுக்க வேண்டும். ஆலையில் புதிதாக வருகிற எல்லோருக்கும் முதல் நாளே இதைத்தான் சொல்வோம். முதல் திருகை ஒரே மூச்சில் இறுக்கியதில் தகடு கீழே இழுபட, மறுமுனை எழும்பியிருக்கிறது. காலையிலிருந்து நான் தொடாத இடம் அது ஒன்றுதான்.

மஞ்சள் கோட்டைக் கிழித்துக்கொண்டு திருகு சுழன்றது. கார்டை அழுத்தினேன். பள்ளத்தின் ஓரத்துக் கொக்கி 'டக்'கென்று விழுந்தது. இந்த முறை திரை விழித்துக்கொண்டது.

உடனே அழைத்தேன்.

"சூப்பர்ப்பா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். எங்க சீனியர் அக்கா ஒண்ணு சொன்னாங்க. அந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு சாஃப்ட்வேர் போட்டுட்டா நான் இங்கருந்தே அத ஓட்டலாமாம். நீங்க ஆன் பண்ணி வச்சாப் போதும்."

"இங்க நெட்டு அவ்வளவு வேகமா இருக்காதும்மா."

"நல்லாத்தான்ப்பா இருக்கு. வீடியோ கால் எவ்வளவு தெளிவா வந்துச்சு!"

"அப்ப வெள்ளிக்கிழமை..."

"எதுக்குப்பா பஸ்ல கெடந்து அலையணும்? உங்களுக்கும் தொந்தரவு."

"எனக்கென்ன தொந்தரவு?"

"வேலை சீக்கிரம் முடிஞ்சா வாரேம்ப்பா" என்றாள்.

அவள் சொல்லச்சொல்ல அந்த மென்பொருளை நிறுவினேன். சிறிது நேரத்தில் என் கை படாமலே திரையில் அம்புக்குறி நகர்ந்தது. வட்டமடித்தது, மூலைக்கு ஓடியது, திரும்பி வந்தது. "பயந்துட்டீங்களா?" என்று கைபேசியில் சிரித்தாள். தன் கோப்புகளுக்கு ஓர் இடம் ஒதுக்கிக்கொண்டாள். பிறகு இணைப்பைத் துண்டித்தாள். அம்புக்குறி விட்ட இடத்திலேயே நின்றது.

உலர்ந்த துணிகளை எடுக்க இறங்கியபோது கீழ்வீட்டு அம்மா கேட்டார்: "சரியாப்பூட்ச்சா சார்? பொண்ணு எப்ப வருது?"

"சரியாயிடுச்சுங்க. படிப்பு வேலை கொஞ்சம் இருக்காம். முடிச்சிட்டு வரும்."

"மெத்த அங்கியே கெடக்கட்டும்."

இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் வைத்தேன். சீருடைக்கு இஸ்திரி போட்டேன். கல்லூரிக்குப் போகும் முன் ஒரு படத்தை ஓடவிட்டுப் போக வேண்டும், காலை ஆறு மணிக்குக் கணினி தயாராக இருக்கட்டும் என்று செய்தி அனுப்பியிருந்தாள். சரி என்று பதில் போட்டேன்.

திங்கட்கிழமை காலை எழுந்ததும் பாலைக்கூட அடுப்பில் வைக்கவில்லை. முதல் வேலையாகக் கணினியை ஆன் செய்து, அந்த மென்பொருள் திரையில் காட்டிய எண்ணை அவளுக்கு அனுப்பினேன். வெளியிலிருந்து ஒருவர் இணையக் கேட்கிறார், அனுமதிக்கலாமா என்று ஒரு சிறிய கட்டம் தோன்றியது. அனுமதி என்பதை அழுத்தினேன்.