முன் சீட்டில் ஏறாத சவரியார்

சவரியாரைப் பற்றி நல்ல விதமாக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று அவர் மகள் இசபெல்லா கேட்டாள். நல்ல விதமாக எழுத எனக்கு வராது. அன்றைக்கு அவர் எடுக்கச் சொன்ன பஸ்ஸில் நான்தான் கண்டக்டர்.

சேலத்துக்காரர். நாமக்கல்லில் எங்கள் பஸ் கம்பெனிக்கு ஐம்பதாம் வருஷம் மெக்கானிக்காக வந்தார். கெட்டிக்காரர், அதை மறுக்க மாட்டேன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிரேக்கைப் பிரித்து மாட்டிய ஆளே முன் சீட்டில் உட்கார்ந்து புதுச்சத்திரம் வரை போய்வர வேண்டும். அதற்குப் பிறகுதான் டிரைவர் ஆட்களை ஏற்றுவார். பதினோரு வருஷம் சவரியார் அப்படிப் போய்வந்தார். அவர் ‘போலாம்’ என்றால் டிரைவர்கள் மறுபேச்சுப் பேசுவதில்லை.

முதலாளி கண்ணில் பட்டதும் அதுதான். அறுபத்தொன்றில் மேனேஜர் வேலை காலியானபோது சவரியாரைக் கூப்பிட்டு, “ஒரு வாரம் நாற்காலியில உட்கார்ந்து பாரு. பிடிச்சா இரு, இல்லைன்னா ஷெட்டுக்கே போ” என்றார். இவருக்கோ மனசு இரண்டுபட்டுக் கிடந்தது. வீட்டில் மனைவி சகாயம்மாள், “சேலத்துல இருந்தே இருபது வருஷமா உங்க கிரீஸ் சட்டையைத் துவைச்சே என் கை தேஞ்சு போச்சு” என்று ஒரே பிடியாக நின்றாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

ஐந்தாம் நாள் திருச்செங்கோட்டில் தேர். டிரைவர் கந்தப்பனும் நானும் போகும் வண்டியில் பிரேக் லைனிங் தேய்ந்து கிடந்தது. ஓடாது, புதுசு வரட்டும் என்று போன வாரம் நிறுத்தி வைத்தவரே சவரியார்தான். தேர்க் கூட்டத்தின் வசூலை விட்டுக்கொடுக்க முதலாளிக்கு மனசில்லை. “நீ ஒரு வார்த்தை சொன்னா கந்தப்பன் எடுப்பான்” என்று ஆபீசில் அவர் சொன்னது வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

சவரியார் வெளியே வந்தார். “எடுத்துட்டுப் போ கந்தப்பா. ஒண்ணும் ஆகாது” என்றார்.

கந்தப்பன் வண்டியைக் கிளப்பினார். “சரிங்க மேஸ்திரி. முன் சீட்டுல ஏறிக்குங்க. புதுச்சத்திரம் போயிட்டு வந்தரலாம்.”

“எனக்கு ஆபீசுல வேலை இருக்கு.”

கந்தப்பன் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார். “உங்க வாயை நம்பித்தானுங்க இத்தனை வருசம் ஓட்டுனேன். என்ற ஊட்டுலயும் நாலு உசுரு இருக்குதுங்க” என்றார். மற்ற டிரைவர்களும் அன்றைக்கு வண்டியைத் தொடவில்லை.

முதலாளி எங்கள் எல்லோர் முன்னாலும் கத்தினார். “டிரைவருங்க உன் பேச்சைக் கேப்பாங்கன்னுதானய்யா உன்னை உட்கார வெச்சேன்? இனிமே நீ எனக்கு எதுக்கு?”

சவரியார் மறுநாள் காக்கிச் சட்டையோடு ஷெட்டுக்குத் திரும்பினார். நாற்காலியா ஷெட்டா என்று யோசிக்க வேண்டியதே இல்லாமல் போயிற்று. அவருக்காக நான் இரக்கப்படவில்லை. அன்றைக்கு வண்டி கிளம்பியிருந்தால் அந்தப் பஸ்ஸில் அறுபது பேரோடு நானும் போய்ச் சேர்ந்திருப்பேன்.

இரண்டு நாளில் புது லைனிங் வந்தது. சவரியாரே மாட்டினார். யாரும் கூப்பிடாமலே முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கந்தப்பன் வண்டியில் ஏறவில்லை. “எறங்குங்க மேஸ்திரி. சென்னிமலை பிரிச்சுப் பாத்து மாட்டட்டும். அவனே ஏறட்டும்” என்றார். சென்னிமலை சவரியாரிடம் தொழில் கற்று மூன்று வருஷம்கூட ஆகாதவன்.

சவரியார் மாட்டியதில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான், எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சவரியார் இறங்கி, தான் முடுக்கிய நட்டுகளைச் சென்னிமலை ஒவ்வொன்றாகக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.