கையை அழிக்கவிடாத ஹார்ட் டிஸ்க்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால், "வயரப் பாருங்க, லூசா இருக்கும்" என்று சொல்லி எழுந்துபோகிற ஆள் நான். கம்ப்யூட்டர் பழுதுபார்த்துப் பிழைக்கிறவன், எதற்கும் ஒரு காரணம் உண்டு, தேடினால் கிடைக்கும் என்றிருந்தேன். இதற்கு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. நீங்கள் சிரித்தாலும் சரி.

கடமலைக்குண்டில் பிளக்ஸ் பேனர் அடிக்கிற ஜெயராஜ் ஒருநாள் காலையில் கூப்பிட்டார். "அண்ணே, ஹார்ட் டிஸ்க் நகரவே மாட்டேங்குது. எழவு வீட்டு பேனரு, ஆளு தலமேல நிக்கிறாரு. ஓடியாங்க."

தலைமேல் நின்றவர் மயிலாடும்பாறை பாண்டி. விடிகாலையில் அவருடைய அப்பா இறந்துவிட்டார். சாயங்காலம் எடுப்பதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் நிற்க வேண்டும், எங்கள் பக்கம் அது இல்லாத சாவு கிடையாது. பெரியவருக்கு இருந்த ஒரே நல்ல படம், புதுவீட்டுப் பால் காய்ச்சுக்கு ஜெயராஜ் எடுத்தது. நாற்காலியில் அவர், இரண்டு கையும் மடியில். பின்னால் மகள் செல்வி, அப்பா தோளில் கை வைத்துச் சிரிக்கிறாள். அதற்கப்புறம் அவள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள், வீட்டு வாசல் அடைபட்டுவிட்டது.

"அவள எடுத்துருங்க. ஊரெல்லாம் வருவாக. அவ பேரும் இருக்கக் கூடாது, நெகமும் இருக்கக் கூடாது" என்றார் பாண்டி.

ஜெயராஜ் அவளை ஏற்கெனவே வெட்டியிருந்தார். மிச்சம் தோளில் கிடந்த நான்கு விரல்கள்தான். அதை அழித்துவிட்டு சேவ் கொடுத்தால் டிஸ்க் நூறு சதவீதத்தில் போய் நின்றுகொள்ளும், மவுஸ்கூட அசையாது. நானும் கேபிளை மாற்றினேன், வைரஸ் பார்த்தேன், பின்னால் ஓடிய புரோகிராம்களை நிறுத்தினேன், டிஸ்கையே சோதித்தேன், ஒரு குறையும் இல்லை. அதே டிஸ்கில் இருந்த கல்யாணப் படமெல்லாம் தட்டியதும் திறக்கிறது. விரலோடு சேவ் பண்ணினால் உடனே ஆகிறது. விரலை அழித்தால் நிற்கிறது. கடைசியில் பையிலிருந்த புது எஸ்எஸ்டி டிஸ்கைப் போட்டு விண்டோஸை ஏற்றி, படத்தையும் அதில் போட்டுப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், அதிலும் அதே இடத்தில் நின்றது.

"என்னண்ணே, மிசினும் செத்துப்போச்சா? வீட்ல ஒண்ணு பத்தாதா?" என்றார் பாண்டி.

"வெரலோடயே விட்ருவமா பாண்டி? யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் ஜெயராஜ்.

"எனக்குத் தெரியும்ல!"

விரலோடு இருந்த படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு, ஆண்டிபட்டியில் வேறு கடைக்கு வண்டியை விட்டார் பாண்டி.

மனசு கேட்காமல் மதியத்துக்கு மேல் நானும் ஜெயராஜும் மாலையோடு போனோம். செல்வி வந்திருந்தாள். தெருமுனையில் பேனருக்கு அடியிலேயே அவளை மறித்து நிறுத்தியிருந்தார்கள்.

"மொகத்த மட்டும் பாத்துட்டுப் போயிர்றேன்ணே."

"ஒன்னாலதான் செத்தாரு. அங்கனயே நில்லு" என்றார் பாண்டி.

பாடை அவளைத் தாண்டிப் போனது. அவள் அழவில்லை, பேனரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் நின்ற என்னிடம் சொன்னாள்: "உசுரோட இருக்கையில ஒரு போன எடுக்கல. இப்பத்தான் கை நீளுது எங்கப்பாவுக்கு."

அப்போதுதான் நானும் நிமிர்ந்தேன். தோளில் அந்த நான்கு விரல்கள் அப்படியே இருந்தன. அவற்றின் மேல் பெரியவரின் வலது கை. மடியில் ஒரு கைதான் இருந்தது.

ஆண்டிபட்டிக் கடைக்காரர், விரலை அழித்ததைத் தவிர வேறெதையும் தொடவில்லை என்று சத்தியம் பண்ணினார். நாங்கள் ஏதோ விஷமம் பண்ணிவிட்டதாகப் பாண்டி இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. செல்வி அந்த பேனரையாவது கொடுங்கள் என்று ஆள்விட்டுக் கேட்டாள். பாண்டி கொடுக்கவில்லை. மாட்டுக் கொட்டகைக் கூரையில் விரித்து மேலே கல்லை வைத்துவிட்டார்.

பழைய படம் அந்த எஸ்எஸ்டியில் என்னிடம் இருக்கிறது. இப்போது தட்டியதும் திறக்கிறது. திறக்கும்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பதில்லை, மடியைத்தான் பார்க்கிறேன். இரண்டு கையும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் வலது கை, நான் முதலில் பார்த்தபோது விரிந்து கிடந்தது. இப்போது எதையோ பிடித்திருப்பது மாதிரி மூடியிருக்கிறது.