சக்கரத்தில் உட்காராத சங்கிலி

முதுகில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே மனைவி சட்டம் போட்டுவிட்டாள். "இனிமே அந்தச் சங்கிலியக் கையால இழுத்தீங்கன்னா படக வித்துருவேன். நானே விளம்பரம் போட்டுருவேன்." சொன்னால் செய்கிறவள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. போர்ட் கிள்ளானுக்கு வெளியே சேற்றில் மாட்டிய நங்கூரத்தை வெறுங்கையால் இழுக்கப் போய்த்தான் என் முதுகே போனது.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் குடியிருப்பவனுக்குப் பாய்மரப் படகு எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் லங்காவித் தீவு வரை ஓட்டிக்கொண்டு போக வேண்டும், பிடித்த இடத்தில் நங்கூரம் போட்டுத் தூங்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

படகில் நங்கூரம் தூக்கும் மோட்டார் இருந்தது. அதன் சக்கரத்தில் பள்ளம் பள்ளமாக இருக்கும். சங்கிலியின் வளையங்கள் அவற்றில் வந்து உட்கார வேண்டும். பழைய சங்கிலி துருவேறித் தேய்ந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. புதுசு மாட்டினால் சரியாகிவிடும் என்று மனைவியிடம் அடித்துச் சொன்னேன்.

கிள்ளானில் ஒரு இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும்.

"பாஸ், அந்தச் சக்கரத்தக் கழட்டிக் கொண்டாந்தீங்களா?"

"எதுக்கு? எட்டு மில்லிமீட்டர். அளந்துட்டேன்."

"எட்டுலயே பல வகை இருக்கு. சக்கரத்துல வச்சுப் பாத்துட்டு வெட்டலாம் லா. வெட்டிட்டா திருப்பி எடுக்க முடியாது."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சுங்கை வே தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பது வருஷம் வெர்னியர் அளவுகோலும் கையுமாக இருந்தவன் நான். எனக்கே அளவு சொல்லித் தருகிறாரா?

"அண்ணே, அளக்குறதுதான் என் வேலையே. அம்பது மீட்டர் வெட்டுங்க."

அவர் வெட்டினார்.

லோரியில் வந்த இரண்டு பேர் சங்கிலியைப் படகில் ஏற்றித் தந்தார்கள். பத்து மீட்டருக்கு ஒரு பெயின்ட் அடையாளம் போட்டேன். உள் முனையைத் தடித்த கயிற்றால் படகின் உடம்போடு கட்டினேன். எல்லாம் முறைப்படிதான் செய்தேன். நங்கூரத்தை மாட்டித் தண்ணீரில் இறக்கிவிட்டு, தூக்கும் பொத்தானை அழுத்தினேன். இரண்டு வளையம் ஒழுங்காக ஏறின. மூன்றாவது நிமிர்ந்து நின்றது, வழுக்கியது, ஏறியதெல்லாம் கடகடவென்று தண்ணீருக்குள் திரும்பி ஓடிவிட்டது. மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே கதை.

வெர்னியரோடு தளத்தில் குப்புறப் படுத்தேன். கம்பியின் தடிமன் எட்டேதான். அதன் பிறகுதான், முதல் முறையாக, ஒரு வளையத்தின் நீளத்தை அளந்தேன். சக்கரத்தின் பள்ளத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் அதிகம். முப்பது வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர் தவறைப் பிடித்தவன், தடிமனை மூன்று தடவை அளந்துவிட்டு நீளத்தை அளக்கவே இல்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

மறுநாளே போய் வேறு சங்கிலி வாங்கியிருக்கலாம். அந்தக் கடைக்காரரின் முகத்தில் விழிக்க மனம் வரவில்லை. பக்கத்தில் நின்று கையால் கொஞ்சம் தட்டிக் கொடுத்தால் வளையம் உட்கார்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனைவியிடம், "புதுச் சங்கிலி பிரமாதமா வேலை செய்யுது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு படகில் கடலுக்குப் போனேன். நங்கூரம் அழகாக இறங்கியது. இறங்குவதற்கு என்ன, எடைக்குத் தானே இறங்கும். திரும்பும் நேரத்தில் அவள் பின்னால் சுக்கானைப் பிடித்திருந்தாள். நான் முன்னால் பொத்தானை அழுத்தி, வளையங்களைத் தட்டித் தட்டி ஏற்றினேன். பாதியில் சங்கிலி நழுவி ஓடியது. யோசிக்கவே இல்லை, இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன். முதுகில் சுளீரென்றது. அதற்குமேல் சக்கரம் பிடிக்கவே இல்லை. மிச்சத்தையும் கையாலேயே இழுத்து முடித்தேன்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அவளே படகைத் துறைக்கு ஓட்டி வந்தாள். துறையில் படகைக் கட்டிவிட்டு இறங்கினாள். நான் முதுகை நிமிர்த்த முடியாமல் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச தூரம் நடந்து போய்த் திரும்பி, கைப்பேசியை எடுத்துப் பிடித்தாள்.

"ஏங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க. படத்துல படகு மட்டும் விழட்டும்."

நான் நகர்ந்தேன்.